கொக்குவில் கேற்றடியில் இரண்டு ஹோர்ன்

காங்கேசன்துறை வீதியில் கொக்குவில் சந்தி தாண்டியதும் ஒரு பச்சைக் கேற் இருக்கிறது. அந்த இடத்தில் பஸ் தரிப்பு இல்லை, வளைவு இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஆனாலும் எட்டு வருடம், ஒவ்வொரு நாளும் காலை ஆறு ஐம்பதுக்கு எங்கள் பஸ் அந்தக் கேற்றடியில் வேகத்தைக் குறைக்கும், இரண்டு தரம் ஹோர்ன் அடிக்கும், பிறகு போகும். ஒருவரும் ஏறுவதில்லை, இறங்குவதுமில்லை. றைவர் குகதாசன். கொண்டக்டர் நான், தியாகராசா.

முதல் மாதம் நான் சத்தம் போட்டேன். ஆரை ஏத்தப் போறாய் என்று கேட்டேன். நாய் ஒன்று குறுக்கே ஓடியது என்றான். அடுத்த நாளும் நாய். அதற்கடுத்த நாளும் நாய். அந்த நாய்க்கு எட்டு வருடமாகச் சாவே வரவில்லை. பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். ஹோர்ன் அடித்துவிட்டு அவன் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பச்சைக் கேற் அவனுடைய ஒரே தங்கச்சி குணலட்சுமியின் வீட்டுக் கேற். அண்ணனும் தங்கச்சியும் பதினொரு வருடம் ஒரு சொல் கதைக்கவில்லை. ஏன் என்று ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். உண்மையான காரணம் எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் நான்தான். கடைசி வரைக்கும் மூடி வைத்துக் கதை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குகதாசன் சாவகச்சேரிக்காரன். எனக்கு அடுத்த ஒழுங்கை. தகப்பன் செத்தபோது அவனுக்குப் பத்தொன்பது, தங்கச்சிக்கு எட்டு. உழவு மெசின் ஓட்டினான், லொறி ஓட்டினான், பிறகு பஸ்ஸுக்கு வந்தான். தங்கச்சியைக் கொக்குவிலில் முருகேசுவுக்குக் கட்டிக் கொடுக்கும்வரை தனக்கென்று ஒன்றையும் யோசிக்கவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு சண்டைக்குத் தென்மராட்சி முழுக்க எழும்பி ஓடியபோது, தாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் பச்சைக் கேற் வீட்டுக்குத்தான் போனான். ஒன்றரை வருடம் அங்கேதான் இருந்தான். மருமகள் நிவேதனா பிறந்தது அந்தக் காலத்தில். ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது தகப்பன் கடைக்குப் போயிருந்தார், அதனால் முதலில் கையில் வாங்கியது இவன். அதை எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பான் என்று கணக்கே இல்லை. பிறகு ஊர் திரும்பி, நாற்பது வயதில் கல்யாணம் கட்டினான். பிள்ளை பிறக்கவில்லை. நிவேதனாதான் அவனுக்குப் பிள்ளை.

அந்தப் பிள்ளை பதின்மூன்று வயதில் பெரியபிள்ளையானாள், சாமத்தியவீடு வந்தது.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் என்றால் வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். கேற்றடியில் நின்று சொன்னால் அது சொன்னதாகாது. உள்ளே போய், கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, கட்டாயம் வரவேணும் என்று வாயால் சொல்ல வேண்டும். தாய்மாமன் என்றால் அதுவும் போதாது. அன்று காலையில் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவன் கையால்தான் பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைக்க வேண்டும். இது ஒரு சட்டப் புத்தகத்திலும் எழுதியில்லை, ஆனால் பிழைத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது.

விசேஷத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு முருகேசு வந்தார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். குகதாசன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். நான் மிதிபலகையில் நின்றேன். அழைப்புக் கார்ட்டை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு தரம் சாவகச்சேரிக்குப் போனனான், வீடு பூட்டிக் கிடக்கு. குறை நினைக்க வேண்டாமெண்டு மச்சானுக்குச் சொல்லுங்கோ. கூட்டிக்கொண்டு வர விட வீட்டிலை ஆம்பிளையள் ஒருதரும் இல்லை. பாத்துக்கொண்டிராமல் நேரை வரச்சொல்லுங்கோ."

வீடு பூட்டிக் கிடந்தது உண்மைதான். குகதாசனின் மனைவி கிளிநொச்சியில் தன் தங்கச்சியின் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தாள். இவன் அந்தக் கிழமை முழுக்க டிப்போவிலேயே படுத்தான்.

முருகேசு சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நீங்களும் வாங்கோ என்று ஒரு பேச்சுக்குக்கூட இல்லை. அந்த வீட்டில் இரண்டு தீபாவளிக்குச் சாப்பிட்டவன் நான். அவருடைய மச்சானோடு ஆறு வருடமாக ஒரே பஸ்ஸில் மாரடிக்கிறவன். கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என் பெயர் எங்கேயும் இல்லை. எனக்குச் சுறுக்கென்று ஏறிவிட்டது.

குகதாசன் வந்து கார்ட்டை வாங்கினான். மேலும் கீழும் பார்த்தான்.

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டான்.

"இல்லை," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பின்னேரம் கோபம் இறங்கியதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்னேரம் அவன், "என்னைப் பஸ்ஸிலை வைச்சு அழைச்சிருக்கினம் பார்" என்று முகம் கறுத்துச் சொன்னபோது, நான் அதுதானே என்று தலையாட்டினேன். என்னுடைய வாயை என்ன செய்தால் தகும்.

விசேஷத்தன்று அவன் விடிய முதலே குளித்து, வேட்டி கட்டி, சால்வை போட்டு, விறாந்தையில் வீதியைப் பார்த்துக் கதிரை போட்டு இருந்தான். கிளிநொச்சியால் வந்த மனைவி, ஆள் வராட்டில் என்ன, நாங்களே போவம் என்று சொல்லிப் பார்த்தாள். தாய்மாமன் அழையாமல் போய் இலையில் இருக்கிறதோ என்று அதட்டிவிட்டான். பக்கத்தில் தேங்காய் இருந்தது. பிள்ளைக்கு வாங்கிய மாம்பழ நிறப் பட்டுப் பாவாடைத் துணி ஒரு பையில் இருந்தது. நல்ல நேரம் ஒன்பதரையோடு முடிந்தது. இவன் இரண்டு மணிவரை எழும்பவில்லை. விசேஷம் எப்படி என்று கேட்க நான் மூன்று மணிக்குப் போனேன். பெனியனோடு இருந்தான்.

"கூட்டிக்கொண்டு போக ஒருதரும் வரேல்லை தியாகு," என்றான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் மூன்று நாளுக்கு முன் சின்னதாக இருந்த பொய் அன்றைக்கு என் வாயால் வெளியே வராத அளவுக்குப் பெருத்துவிட்டது.

கொக்குவிலில் அவர்களும் காத்திருந்தார்கள். நேரம் போகப் போக, முருகேசுவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை நிறுத்திப் பால் அறுகு வைப்பித்தார்கள். அண்ணை என்ரை பிள்ளையை வேண்டாமெண்டிட்டார் என்று குணலட்சுமி அடுப்படியில் இருந்து அழுதாளாம். அழைத்தவர் அழைத்துவிட்டேன் என்று இருந்தார், காத்திருந்தவன் அழைக்கவில்லை என்று இருந்தான். இரண்டு பக்கமும் ரோசக்காரர். நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கிழமைதான் அந்த ஹோர்ன் தொடங்கியது.

மூன்று வருடத்துக்கு முன் குகதாசன் ஓய்வு பெற்றான். அதே வருடம் மனைவி செத்துப்போனாள். செத்தவீட்டுக்குக் குணலட்சுமி வந்தாள். பெண்களோடு இருந்து அழுதாள், பிரேதம் எடுத்ததும் ஒரு வாய்த் தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனாள். அவள் படலை தாண்டிப் போகும் வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, காலையில் ஆறு ஐம்பது ஆகும்போது ஒரு காரணமும் இல்லாமல் மணிக்கூட்டைப் பார்க்கிற ஆளாகிவிட்டான். என்ன யோசிக்கிறாய் என்றால், "பஸ் இப்ப கொக்குவில் தாண்டியிருக்கும்" என்பான்.

இந்த வருடம் நிவேதனாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. குணலட்சுமி ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணன் வந்து நிற்காமல் பிள்ளையை மணவறையில் ஏற்றமாட்டேன், கார்ட் அடிக்கவும் விடமாட்டேன் என்றாள். முருகேசு, நான் ஒருதரம் அழைச்சுப் பட்டது போதும் என்றார். வீட்டுக்குள் அதுவே ஒரு சண்டை ஆனது. அவர்களுடைய மாதர் சங்கக் கூட்டத்துக்குப் பிரதேச செயலகத்திலிருந்து தயாளினி என்று ஒரு உளவளத்துணை உத்தியோகத்தர் வந்து, குடும்பத்துக்குள் கதை பேச்சு நின்றுபோனால் எங்களிடம் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் குணலட்சுமி அவர் பின்னால் போனாள். பத்தாம் நாள் குகதாசனுக்கு அங்கிருந்து வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"எனக்கென்ன விசரே?" என்று கேட்டான். "உளவளமாம். உது விசருக்கு மருந்து குடுக்கிற இடமெல்லோ."

விசர் உனக்கில்லை, உன்னுடைய ரோசத்துக்குத்தான் என்று சொன்னேன். இரண்டு நாள் என்னோடு முறைத்தான். மூன்றாம் நாள் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து, நீயும் வா, இல்லாட்டில் நான் போகேன் என்றான். நான் போனேன். நல்ல சிநேகிதன் என்று அவன் நினைத்தான். எனக்குள் என்ன அரித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

தயாளினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சின்ன அறை, ஒரு மேசை, நாலு கதிரை. காற்றாடி வேலை செய்யாததால் கதவைப் பாதி திறந்து வைத்திருப்பார். நான் வெளி வாங்கில் இருப்பேன். உள்ளே கதைப்பது காதில் விழாமல் இருக்க எழும்பிப் போயிருக்கலாம், ஆனால் நான் அப்படிப்பட்ட நல்லவன் இல்லை. முதல் நாள் அவன் வாயே திறக்கவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை. இரண்டாம் தரம், உங்களுக்குக் கோபமா கவலையா என்று கேட்டார். கோபம் என்றான். மூன்றாம் தரம் அவர், அன்றைக்குக் காலையில் எழும்பினதிலிருந்து நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னார். இவன் குளித்தது, வேட்டி கட்டியது, கதிரை போட்டது எல்லாம் சொன்னான். வீதியால் போன வாகனங்களைச் சொன்னான். வெள்ளை வான் ஒன்று வேகம் குறைந்ததாம், எழும்பிச் சால்வையைச் சரிசெய்தானாம், அது அடுத்த வீட்டுக்குப் போனதாம். அதோடு குரல் நின்றுவிட்டது. பிறகு, "ஐயா, இது கோபம் மாதிரித் தெரியேல்லை," என்றார்.

வெளியே வந்தவன் என்னைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்தான். அன்று பஸ்ஸில் ஊர் வரும்வரை பிள்ளையைப் பற்றியே கதைத்தான். அவள் நாலு வயதில் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அழுதது, தன்னை மாமா என்று சொல்ல வராமல் மாம்மா என்றது. இப்போது எந்தப் பாட்டு விருப்பம், என்ன சாப்பிடுவாள், ஒன்றும் தெரியாது என்றான். வீதியில் கண்டால் அவளை அடையாளம் தெரியுமோ என்றும் கேட்டான்.

குணலட்சுமியையும் அவர் தனியாக இரண்டு தரம் கூப்பிட்டிருந்தார். ஐந்தாவது தரம் இருவரையும் ஒன்றாக இருத்தினார். முருகேசு வரமாட்டேன் என்றுவிட்டார். தயாளினி அறைக்குள் ஒரு சட்டம் போட்டார். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. கதைத்து முடிந்ததும், கேட்டவர் தான் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் பதில் சொல்லலாம். கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் அது வரவில்லை. அவள் சொன்னதை இவன் திருப்பிச் சொல்லும்போது தன்னுடைய நியாயத்தை உள்ளே செருகுவான். அவர், அது நீங்கள் சொன்னது ஐயா, தங்கச்சி சொன்னது என்ன என்று திரும்பக் கேட்பார். நாலாம் தரம்தான் சரியாக வந்தது.

அப்போது குணலட்சுமி சொன்னாள், "அவர் ரெண்டு தரம் வீட்டை வந்தவர் அண்ணை. பூட்டிக் கிடந்ததாம். அதுக்குப் பிறகுதான் பஸ் நிலையத்துக்கு வந்து சொன்னவர்."

குகதாசன் திருப்பிச் சொல்லவில்லை. "பொய்," என்றான். "உன்ரை மனுசன் தன்ரை பிழையை மறைக்கச் சொன்ன பொய். அதை நீயும் பதினொரு வருஷமாய்க் காவுறாய்."

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அவள் எழும்பிவிட்டாள். இனி இங்கே எனக்குக் கதையில்லை, என் பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லை என்று முடிவாகிவிட்டது என்றாள். தயாளினி இருங்கோ அம்மா என்று சொல்வதும் கேட்டது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தாள். கதவில் என்னைக் கண்டாள்.

நான் எப்படி எழும்பினேன் என்று தெரியவில்லை. உள்ளே போய் நின்றேன். சொன்னேன். முருகேசு வந்தது, அவர் சொன்னது, எனக்கு வந்த கோபம், அவன் கேட்ட கேள்வி, நான் சொன்ன "இல்லை". ஒன்றும் விடவில்லை. சொல்லி முடிய, வெளியே யாரோ கடதாசியில் சீல் குத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் எழும்பி என் கன்னத்தில் ஒன்று தருவான் என்று பார்த்தேன். தந்திருந்தால் நல்லது. தயாளினி அவனைப் பார்த்து, மெதுவாக, "ஐயா, இவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ," என்றார்.

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முருகேசு ரெண்டு தரம் என்ரை வீட்டை வந்தவர். வீடு பூட்டிக் கிடந்தது. குறை நினைக்க வேண்டாமெண்டு சொன்னவர். கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, பாத்துக்கொண்டிராமல் நேரை வரச்சொன்னவர்." கொஞ்சம் நிறுத்தினான். "நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

தன்னுடைய சொல்லைக் கலக்காமல் அவன் திருப்பிச் சொன்னது அதுதான் முதல் தரம். கடைசி வசனத்தை மட்டும் தானாகச் சேர்த்தான். அதை அவர் திருத்தவில்லை.

குணலட்சுமி திரும்ப வந்து கதிரையில் இருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அண்ணை, அந்த ஹோர்ன் எனக்கோ அடிச்சனீங்கள்?"

"வேறை ஆருக்கு," என்றான்.

ஒவ்வொரு நாளும் ஆறு ஐம்பதுக்குத் தான் மதிலுக்குப் பின்னால் வந்து நிற்பேன் என்று அவள் சொன்னாள். முதலில் குத்திக் காட்ட அடிக்கிறார் என்று நினைத்தாளாம். பிறகு ஒரு கிழமை ஹோர்ன் கேட்கவில்லை. அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்த கிழமை அது. அப்போது எங்களுக்குப் பின்னால் வந்த இன்னொரு பஸ்ஸின் றைவரை மறித்து அண்ணைக்குச் சுகமில்லையோ என்று கேட்டாளாம். அவன் ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்துக்குக் கால் தானாகக் கேற்றடிக்குப் போகுமாம். ஒரு பக்கத்தில் இவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், மறுபக்கத்தில் அவள் மதிலோடு நின்றிருக்கிறாள். நடுவில் நான் ரிக்கற் கிழித்திருக்கிறேன்.

அன்று திரும்பும்போது குகதாசன் பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருந்தான். நான் பின்னால் போய் இருந்தேன். இறங்கி அவன் தன் ஒழுங்கைக்குள் போனான், நான் என் ஒழுங்கைக்குள் போனேன். போட்டு வாறன் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் நாலைந்து தரம் தயாளினியிடம் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். முருகேசுவும் போனாராம். ஒரே நாளில் எல்லாம் பாலும் தேனுமாக ஓடவில்லை. முருகேசு முதல் நாள் அரைவாசியில் எழும்பிப் போனாராம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொக்குவிலில் சாப்பிடுவது என்று ஒரு ஏற்பாடு வைத்தார்களாம். பழசைக் கதைக்க வேண்டுமென்றால் அந்த அறையில் மட்டும், சாப்பாட்டு மேசையில் கூடாது. முதல் ஞாயிறு குகதாசன் அந்த மாம்பழ நிறத் துணியைக் கொண்டுபோனானாம். நிவேதனா அதைத் தன்மேல் பிடித்துப் பார்த்தாளாம். முழங்கால் தாண்டவில்லையாம். அவள் சிரித்தாளாம், இவன் அழுதானாம். இதெல்லாம் குணலட்சுமி சந்தையில் என் மனுசிக்குச் சொன்னது. அவன் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் அவன் என் முகத்தில் முழிக்கவில்லை. பால் வாங்கும் கடையில் கண்டால் மற்றப் பக்கம் திரும்புவான். பதினான்கு வருடம் ஒரே பஸ். அவன் பிறேக் போடும் விதத்திலேயே அவனுக்கு என்ன மனநிலை என்று எனக்குத் தெரியும். இப்போது படலைச் சத்தம் கேட்டால் நான் எட்டிப் பார்க்கிறேன். கதிரையை வீதியைப் பார்த்துத்தான் போடுகிறேன். மனுசி கண்டுவிட்டாள். ஆரைப் பாக்கிறியள் என்று கேட்டாள். நாய் ஒன்று வந்தது என்றேன்.

கல்யாணக் கார்ட் அடித்தாயிற்று என்று ஊரில் கதை வந்தது. பக்கத்து வீட்டுக்குச் சொல்லியாயிற்று, எதிர் வீட்டுக்கும் சொல்லியாயிற்று. எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. எனக்குச் சொல்ல மாட்டார்கள், அது நியாயம்தான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனாலும் ஏக்கம் நியாயத்தைக் கேட்குமா?

போன வியாழக்கிழமை காலை படலை திறந்தது. முருகேசு. தனியாக வந்தார், கையில் வெற்றிலைத் தட்டம். உள்ளே வந்தார், கதிரையில் இருந்தார், மனுசி போட்ட தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இருக்கவில்லை என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். அவராகவே சொன்னார்.

"அண்டைக்கு உங்களையும் ஒரு சொல் அழைச்சிருக்க வேணும். அவசரத்திலை விட்டிட்டன். இப்ப வீட்டை வந்து சொல்லுறன், குடும்பமாய்க் கட்டாயம் வரவேணும்."

கார்ட்டை இரண்டு கையாலும் தந்தார். என் பெயர் எழுதியிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு படலைப் பக்கம் பார்த்தேன். எப்படி வந்தனீங்கள் என்று கேட்டேன். மச்சானோடை மோட்டச்சைக்கிளிலை என்றார். அவன் எங்கே என்று கேட்டேன். வெளியிலை நிக்கிறார், உள்ளை வரமாட்டாராம் என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார்.

நான் எழும்பிப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது. முருகேசு போட்டு வாறன் என்று எழும்பிப் போனார். படலை சாத்தும் சத்தம் கேட்டது. மோட்டச்சைக்கிள் ஸ்ராட் ஆனது. கொஞ்சத் தூரம் போனது போல இருந்தது, பிறகு வேகம் குறைந்தது.

என் மதிலுக்கு நேரே நின்று இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது.

பிறகு போனது. நான் படலையடிக்கு ஓடினேன். ஒழுங்கை முடக்கில் அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு போனான்.